மாசி மலையும் தைக் குளமும்

புளியங்குடியில் மேற்கே பார்த்த மொட்டைமாடி எதில் நின்றாலும் மலை தெரியும். மாசி பிறந்த பிறகு சில ராத்திரிகளில் அந்த மலையில் சிவப்பாக ஒரு கோடு மெல்ல ஊர்ந்துபோகும். மறுநாள் காலை எலுமிச்சை மார்க்கெட்டில் அதுதான் பேச்சு. எந்தப் பக்கம் பிடித்தது, எதுவரைக்கும் இறங்கியது, யானை எந்தத் தோப்பு வழியாக வரும் என்று மூட்டை இறக்கிக்கொண்டே பேசுவார்கள். மாசியில் மலைக்குப் போகக்கூடாது என்று இங்கே யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அதனால்தான் எந்த மலையேற்றக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் பார்ப்பது அதன் காலண்டரை. எத்தனை சிகரம் ஏறினார்கள், எத்தனை மூட்டை குப்பை அள்ளினார்கள் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் குழுவாக மலையேறும் பழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பியது சென்னை ட்ரெக்கிங் கிளப். பெல்ஜியத்திலிருந்து வந்து சென்னையில் குடியேறிய பீட்டர் வான் கைட் 2008-ல் தொடங்கியது. லாபநோக்கம் இல்லாமல், தன்னார்வலர்களை வைத்தே நடந்த குழு அது. வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களை அது காட்டுக்கும் ஓடைக்கும் கூட்டிப்போனது. காட்டைப் பார்த்தவர்களுக்குக் கடற்கரைக் குப்பையும் கண்ணில் பட்டது. சென்னைக் கடற்கரையைக் கூட்டமாகச் சுத்தம் செய்யும் வேலையை அந்தக் குழு 2010-ல் ஆரம்பித்தது. 2015 வெள்ளத்தின்போது அதன் ஆட்கள் நிவாரண வேலையில் இறங்கினார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அரசாங்கத்தின் சுற்றறிக்கை எதுவும் இத்தனை பேரை ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பிக் குப்பை பொறுக்க வைத்ததில்லை.

ஆனால் 2018 மார்ச் 11-ம் தேதி, மாசி மாதத்தில், தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் அந்தக் குழு அழைத்துச்சென்ற அணியும், கொங்குப் பகுதியிலிருந்து வந்த இன்னொரு அணியும் தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்வயதுக்காரர்கள். அனுமதி, பாதை, வழிகாட்டி என்று பல கேள்விகள் அப்போது எழுந்தன. எனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது மாதம்தான். வடகிழக்குப் பருவமழையில் ஆளுயரம் வளரும் மலைப்புல் மாசியில் சருகாகிவிடும். சரிவில் தீ மேல்நோக்கிப் போகும்போது, மேலே இருக்கிற புல்லைத் தொடும் முன்பே தன் சூட்டால் உலர்த்திவிடும். அதனால் மனிதன் ஏறி ஓடுகிற வேகத்தைவிடத் தீ வேகமாக ஏறும். காற்றும் சேர்ந்துகொண்டால் தப்ப வழியில்லை. வார விடுமுறையைப் பார்த்துப் பயணம் குறிக்கிறவர்களுக்குப் புல்லின் காலண்டர் தெரியாமல் போனது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளோடு வந்தது. நம் பக்கத்தில் குற்றாலம் செண்பகாதேவி அருவிப் பாதையும் அதில் உண்டு. காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடுகிறார்கள். காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக்கி, அவர்களுக்கு வருமானமும் வர வழிசெய்திருக்கிறார்கள். இரண்டும் நல்ல காரியம். குறை என்னவென்றால், கட்டணம் கட்டி வருகிறவர் ஒருமுறை வருகிறார், படம் எடுக்கிறார், அடுத்த முறை வேறு மலைக்குப் போகிறார். போன வருஷம் இந்த ஓடையில் இந்த மாதம் தண்ணீர் எவ்வளவு ஓடியது என்று சொல்ல அவரால் முடியாது. பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. பழைய குழுக்களில் இருந்த, நம் மலை என்கிற ஒட்டுதல் கிடைக்கவில்லை.

ஒருமுறை வந்து போவதா, கணக்கு வைப்பதா என்ற இதே அளவுகோல்தான் தூய்மைப் பணிக்கும். குற்றாலத்தில் சீசன் ஆனியில் தொடங்கி ஆவணி வரை போகும். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன பிறகும் பாறை இடுக்கில் ஷாம்பு பாக்கெட் கிடக்கிறது. குனிந்து எடுத்துப் பார்த்தால் பாக்கெட்டில் ஒரு மூலை இருக்காது. பல்லால் கடித்துத் துப்பிய அந்த நகக்கண் அளவு துண்டு தண்ணீரோடு போயிருக்கும். சிற்றாற்றில் இறங்கிக் குளத்துக்கும் வயலுக்கும் போய்ச் சேரும். தன்னார்வலர்களின் சாக்கில் பாக்கெட் விழும், மூலை விழாது. எத்தனை கிலோ என்று எடைபோட்டுப் படம் போடுவதோடு நிற்காமல், எந்த கம்பெனி பாக்கெட் எத்தனை என்று பிரித்து எண்ணும் பழக்கம் உலகில் பல இடங்களில் வந்துவிட்டது. அப்படி எண்ணினால்தான் பொறுப்பு, கீழே போட்டவரோடு நிற்காமல் தயாரித்தவர் வரைக்கும் போகும். நம் குழுக்களும் சாக்கின் வாயைக் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ண வேண்டும்.

எண்ணுவதற்கு நம் வட்டாரத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், உள்ளூர் இயற்கை ஆர்வலர் சங்கங்களோடு சேர்ந்து, 2011 முதல் தை மாதத்தில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறது. விடியற்காலையில் குளத்துக் கரையில் நிற்க வேண்டும். பனி விலகும்வரை ஒன்றும் தெரியாது. பிறகு நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். பத்துப் பத்தாகக் கண்ணால் கட்டி எண்ணுவார்கள். அரிவாள்மூக்கன் கூட்டம் ஒன்று எழும்பிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் ஒருவர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். குளம் வறண்டிருந்தால் ‘பறவை இல்லை’ என்பதையும் எழுதியாக வேண்டும். புதிதாக வரும் மாணவர்கள் முதலில் எழுதத் தயங்குவது அதைத்தான். பத்து வருஷம் கழித்து மிகவும் பயன்படப்போகிற பதிவு அதுவாகவே இருக்கலாம்.

இதிலும் குறை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, ஓரிரு நாள் மட்டும் பார்க்கும் பார்வை இது. தையில் வந்த பறவை மாசியில் எங்கே போனது என்று இதில் தெரியாது. குளத்தோடு நின்றுவிடுகிறது, மலைமேல் ஏறுவதில்லை. கல்லூரி முடித்த பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டால் அடுத்த வருஷம் ஆளுக்கு அலைய வேண்டும். என்றாலும் மலை ஏறாத இந்த வேலைக்கே என் மதிப்பெண் அதிகம். காரணம் ஒன்றுதான்: அதே இடம், அதே மாதம், வருஷா வருஷம்.

இதே ஒழுங்கை எங்கள் மலைக்கும் கொண்டுவரலாம். புளியங்குடிக்கு மேலே இருக்கிற காடு 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. தீக்காலத்துக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். காய்ந்த புல்லைப் பட்டையாகச் செதுக்கி, தீ தாண்ட முடியாத வெற்றுத் தரையாக்கும் வேலை அது. மண்வெட்டி பிடித்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். வனத்துறை அனுமதித்தால் அதற்குக் கைகொடுக்க ஒரு குழு தை மாதமே வரலாம். மாசியில் மலைக்குப் போகாமல் அடிவாரத்தில் தோப்பு தோப்பாகப் போகலாம். எந்தத் தேதியில், எந்தப் பக்கம், எத்தனை நாள் எரிந்தது, யானை எப்போது இறங்கியது என்று எலுமிச்சைக்காரர்களைக் கேட்டால் பல வருஷத்துக் கணக்கை வாயாலேயே சொல்வார்கள். கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டு போதும். அடுத்த மாசிக்கும் அதே நோட்டோடு வர வேண்டும்.