நுகரியும் நுகர்வோரும்

புல்லை வெட்டுக்கிளி தின்னும். வெட்டுக்கிளியைத் தவளை, தவளையைப் பாம்பு, பாம்பைப் பருந்து. தமிழில் அறிவியல் படித்த எவரும் இந்த வரிசையைத் தாண்டாமல் வந்திருக்க மாட்டார். பாக் நீரிணையின் இரு கரையிலும் இதற்கு உணவுச் சங்கிலி என்றே பெயர். உணவு வலை, வாழிடம், ஒட்டுண்ணி ஆகியவையும் பொதுச்சொற்களே. அதற்கு மேல் பாதை பிரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளையின் ஒளிச்சேர்க்கை யாழ்ப்பாணத்தில் ஒளித்தொகுப்பு. இங்கே நுண்ணுயிரி, அங்கே நுண்ணங்கி. தகவமைப்பு அங்கே இசைவாக்கம். சூழல் மண்டலம் அங்கே சூழற்றொகுதி. பாடத்தின் பெயரே நமக்கு அறிவியல், அவர்களுக்கு விஞ்ஞானம்.

1950-களில் தாய்மொழிவழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு ஏறியபோது, இலங்கையில் அரசே துறைவாரியாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. அன்று வகுத்த சொற்களில் பெரும்பாலானவை இன்றும் பாடநூலில் இருக்கின்றன. அப்பா படித்த ஒட்சிசனைத்தான் மகளும் படிக்கிறாள். தமிழ்நாட்டிலோ பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் எனத் தலைமுறைக்கு ஒரு பெயர். வீட்டில் சொல்லிக்கொடுக்க உட்காரும் தாத்தாவுக்குப் பேத்தியின் புத்தகமே புதிராகிவிடும்.

சொல்லின் தரத்தில் யார் பக்கம் நிற்பது? ஒரே பக்கமாக நிற்க முடியாது. பிற உயிரை உண்டு வாழும் உயிரினத்தை இலங்கைப் பாடநூல் நுகரி என்கிறது; நாம் நுகர்வோர் என்கிறோம். நுகர்வோர் என்றதும் கடை, ரசீது, குறைதீர் ஆணையம் நினைவுக்கு வரும். மனிதரைச் சுட்டும் அந்த ‘ஓர்’ விகுதியை வெட்டுக்கிளிக்குக் கொடுத்திருக்க வேண்டாம். நுகரி நல்ல சொல், கடன் வாங்கலாம். ஆனால் காளானையும் பாக்டீரியாவையும் அவர்கள் பிரிகையாக்கி என்பதைவிட நம் சிதைப்பான் பிள்ளையின் நாக்குக்கு எளிது. சூழற்றொகுதியும் அப்படித்தான்: புணர்ச்சி இலக்கணப்படி பிழையில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் மட்டும் பல்லை உடைக்கும்.

இதையெல்லாம்விட, எந்த வகுப்பில் எதைச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1999-இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தோடு இலங்கை, தரம் 1 முதல் 5 வரை அறிவியலைத் தனிப் பாடமாக வைக்காமல் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற ஒரே பாடத்துக்குள் கொண்டுவந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் கலந்த முறை அது. சின்ன வகுப்புகளில் விளையாட்டுக்கே முதலிடம். விஞ்ஞானம் தனிப் பாடமாக வருவது தரம் 6-இல்தான். தமிழ்நாட்டிலோ அதற்கு இணையான சூழ்நிலையியல் பாடம் இரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மூன்றாம் வகுப்பிலேயே அறிவியல் வேறு, சமூக அறிவியல் வேறு.

இலங்கை வரிசையே சரி என்பேன். குளத்தையே எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சிப் பிள்ளைக்குக் குளம் என்றால் இரணைமடு: ஏக்கர் கணக்கில் வயலுக்குப் பாயும் நீர்த்தேக்கம். திருநெல்வேலியிலும் பாசனக் குளம்தான். அதையே மதுரைக்காரர் கண்மாய் என்பார், காஞ்சிபுரத்துக்காரர் ஏரி என்பார். அவரவர் நீர்நிலையில் நீந்தும் மீன், அதற்குக் காத்திருக்கும் கொக்கு, கரையில் மட்கும் இலை என்று பார்த்துப் பெயர் சொல்லிப் பழகிய பிறகு ‘சூழல் மண்டலம்’ என்றால் பிள்ளைக்குப் பொருள் இருக்கும். நம் ஊரில் ஜிலேபி என்றும் அங்கே திலாப்பியா என்றும் விற்கும் ஆப்பிரிக்க மீன், 1950-களின் தொடக்கத்தில் இரு நாட்டு நீர்நிலைகளுக்கும் கொண்டுவரப்பட்டது. அயல் இனம் என்ற சொல்லை விளக்க வேறு பாடம் எதற்கு? குழம்பிலேயே கிடக்கிறது.

மறுபடி சொல்லுக்கு வருவோம்; கடலோரச் சேற்றில் வளரும் கண்டலைப் பாருங்கள். இலங்கைப் பாடநூல் கண்டல் என்று எழுதும் மரத்தைச் சங்கப் புலவர்கள் நெய்தல் பாட்டில் அதே பெயரால் பாடியிருக்கிறார்கள். பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் வைத்துக்கொண்டு நாம் அலையாத்திக் காடு, சதுப்புநிலக் காடு என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். அலையை ஆற்றும் காடு என்று பொருள் சொல்லும் பெயர் அழகுதான். ஒன்றில் நிலைத்து நின்றால் போதும்.

ஆனால் இலங்கை முறை தாளில் இருப்பதுபோல வகுப்பில் இல்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும் விளையாட்டும் செயற்பாடும் ஓரம்போய் மாதிரி வினாத்தாள்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. குளக்கரைக்குப் போக வேண்டிய நேரம் ரியூஷனுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் அந்த வயதில் அப்படியொரு போட்டித் தேர்வு அழுத்தம் இல்லை. நேரம் இருந்தும் நாம் கேள்வி-பதிலை மனப்பாடம் செய்யவைப்பதற்குத்தான் சாக்கே கிடையாது.

நம் பாடநூல் குழுவினர் அடுத்த திருத்தத்தில் இரண்டைச் செய்யலாம். ஐந்தாம் வகுப்பு வரை சூழ்நிலையியலை நீட்டி, கலைச்சொல்லை ஆறாம் வகுப்புக்குத் தள்ளுங்கள். ஆசிரியர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இலங்கைச் சொற்களையும் எதிரெதிரே அச்சிடுங்கள்; முகாம்களிலிருந்து நம் பள்ளிகளுக்கு வரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டிலும் அந்தப் பக்கம் பயன்படும்.