மாஞ்சோலையும் இனவழி முதலாளித்துவமும்: காலனிய நீக்கச் சமூகவியலின் ஒரு போதாமை

ஐரோப்பிய நிலவுடைமைச் சமூகத்தில் முன்பே வேரூன்றியிருந்த இனப்பாகுபாட்டை முதலாளித்துவம் அழிக்காமல் தன்னுள் ஏற்று விரித்தது என்பது செட்ரிக் ராபின்சனின் ‘கறுப்பு மார்க்சியம்’ (1983) முன்வைக்கும் வாதம். காலனிய நீக்கச் சமூகவியல் இதனைத் தமிழ்ச் சூழலுக்குப் பொருத்தும்போது ‘முன்பே’ என்னும் சொல் பெரும்பாலும் நழுவிவிடுகிறது. சாதியே காலனியம் வகுத்தது என்னும் எளிய முடிவுக்கு அது வழிவிடுகிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வரலாறு அம்முடிவுக்கு இடந்தரவில்லை.

இனவாத அறிவின் பங்கை மறுப்பதற்கில்லை. கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ‘திருநெல்வேலிச் சாணார்’ நூல், இன்று நாடார் என வழங்கும் சமூகத்தாரின் அறிவாற்றலையே தாழ்த்தி எழுதியது. அருமைநாயகம் சட்டம்பிள்ளை அந்நூலைக் கடுமையாக எதிர்த்தார். 1857இல் மிஷனிலிருந்து பிரிந்து தனித் திருச்சபையும் கண்டார். ஆயினும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த மறுப்பு நூல்கள் பெரிதும் சத்திரிய மரபுக்கே உரிமை கோரின. பாதிரியாரின் வகைப்பாடு மறுக்கப்பட்டது. சாதியேணி அப்படியே நின்றது.

மூலதனமும் அந்த ஏணியைப் பயன்கொண்டது. பர்மியத் தேக்கு வணிகத்தில் வளர்ந்த பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம், 1929இல் சிங்கம்பட்டி சமீன் காடுகளில் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. நிறுவனம் அயலது, நிலம் கொடுத்தவர் உள்ளூர்ச் சமீன்தார். தேயிலை பறிக்க மாஞ்சோலைக்கு ஏறியோருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கீழே ஆற்றுப்பாசன நன்செய் பிராமண, வேளாள மிராசுதாரர் கையில் இருந்தது; சேற்றில் இறங்கி உழைத்தோர் பள்ளரும் பறையரும். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிற்று; உழுதவர்க்கு நிலம் தரவில்லை. மலிவான உழைப்பைத் தோட்ட நிறுவனம் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் நிறுவனம் இந்தியர் உரிமையாயிற்று. கொழுந்து பறிப்போரின் சாதி மாறவில்லை. 1999 சூலை 23 அன்று கூலி உயர்வும் சிறைப்பட்ட தொழிலாளர் விடுதலையும் கோரித் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது காவல்துறை தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தனர். காலனியத்தின் எச்சம் என்று மட்டும் கூறி இதனைக் கடந்துவிடுவது, அன்றைய உள்நாட்டு அரசையும் சாதிச் சமூகத்தையும் விசாரணையிலிருந்து விடுவிப்பதாகும்.

குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தலைமுறைகளாக மலையில் வாழ்ந்தோர் இறங்கிவரும் சமவெளியில் நன்செய்ப் பட்டாக்கள் யார் பெயர்களில் உள்ளன என்பதிலிருந்தே இப்பள்ளத்தாக்கின் சமூகவியல் தொடங்க வேண்டியிருக்கிறது.