ஆளில்லா அறையின் விலை

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலாவதாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் சேர்த்தே எண்ணினார். பிறரை இகழும்போதும் நகை தோன்றும். தன் அறியாமையை உணராது ஒருவன் அழுத்தந்திருத்தமாகப் பேசும்போதும் நகை தோன்றும். இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தினுள் அடங்கிக் கிடக்கும் ஓவியம் ஒன்று 2011-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் நியூயார்க் நகரில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தாரால் ஏலத்தில் விடப்பட்டது. அது பெற்ற விலை 4 கோடியே 32 இலட்சம் டாலர். ஓவியத்தின் பெயரோ, 'அறை முழுவதும் எனக்குத் தெரிகிறது... அதில் ஒருவருமே இல்லை!' என்பது. வரைந்தவர் அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன். வரைந்த ஆண்டு 1961.

ஓவியத்தில் உள்ளவை மிகச் சில. ஏறத்தாழ நான்கடிச் சதுரமான துணிப்பரப்பு. அதன் பெரும்பகுதி எதுவும் வரையப்படாத தட்டையான வண்ணம். அது ஒரு கதவு என்று நாம் ஊகித்துக் கொள்கிறோம். கதவில் வட்டமான ஒரு துளை. துளைக்கு அப்பாலிருந்து ஒருவன் எட்டிப் பார்க்கிறான்; அவன் விரலும் முகத்தில் ஒரு பகுதியும் மட்டுமே நமக்குப் புலனாகின்றன. மேலே, படக்கதைகளில் பேச்சை அடைத்துக் காட்டும் குமிழிக்குள், ஓவியத்தின் பெயராக அமைந்த அதே வாக்கியம். அவ்வளவே.

இதனை 'பாப்' கலை என்பர். விளம்பரம், திரைப்படம், படக்கதை, கடையில் விற்கும் சோப்புப் பெட்டி என அன்றாடம் கண்ணில் படுவனவற்றையே பாடுபொருளாகக் கொண்டு, 1950-களின் நடுவில் இங்கிலாந்திலும், சற்றுப் பின்னர் அமெரிக்காவிலும் எழுந்த இயக்கம் அது. உள்ளத்தின் கொந்தளிப்பையெல்லாம் வண்ணமாக வாரி இறைத்த முந்தைய தலைமுறையினரின் பெருமிதத்துக்கு எதிராக இளையோர் செய்த குறும்பு என்றும் அதனைச் சொல்லலாம். நியூஜெர்சியில் ஒரு கல்லூரியில் ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்த லிக்டன்ஸ்டைன், 1961-இல் மிக்கி எலியையும் டொனால்டு வாத்தையும் பெரிதாக வரைந்து இவ்வழியில் இறங்கினார். 1962-இல் லியோ காஸ்டெல்லியின் காட்சிக்கூடத்தில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டபோது, திறப்பு நாளுக்கு முன்பே எல்லாம் விற்றுப் போயின. 1964-இல் 'லைஃப்' இதழ், அமெரிக்காவிலேயே மிக மோசமான ஓவியர் இவர்தாமோ என்று தலைப்பிலேயே வினவியது. வாங்குவோரும் வைவோரும் ஒரே நேரத்தில் பெருகுவது கலையுலகில் புதிதன்று.

இந்த ஓவியத்தின் விளையாட்டு எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நின்று காணல் வேண்டும். துளை வழியே பார்க்கும் அம்மனிதனுக்கு எதிரே இருக்கும் அறை யாது? ஓவியத்தினுள் அறை எதுவும் வரையப்படவில்லை. அவன் முகம் நம்மை நோக்கியே இருக்கிறது. ஆகவே அவன் காணும் அறை, ஓவியம் மாட்டப்பட்டிருக்கும் அறையேயாகும். நாம் நின்றுகொண்டிருக்கும் அறை. அந்த அறையை முற்றும் பார்த்துவிட்டதாகச் சொல்லும் அவன், அங்கே ஒருவருமே இல்லை என்கிறான். எதிரே நிற்கும் நம்மை அவன் காணவில்லை. அவன் பேதையா, அல்லது நம்மை ஒரு பொருட்டாகவே மதியாமல் எள்ளுகின்றானா? எப்படிக் கொண்டாலும் நகை பிறக்கிறது. ஓவியம் பார்க்கச் சென்றவனை ஓவியமே பார்ப்பதும், பார்த்துவிட்டு 'நீ இல்லை' என்று தள்ளுவதும் சிறு திறனன்று. கண்காட்சிக் கூடங்களில் கைகட்டி, குரல் தாழ்த்தி, எல்லாம் விளங்கியவர்போல் நிற்கும் நம்மவர் பாவனையை இதைவிட மென்மையாகக் கிள்ளிய ஓவியம் நாம் அறிந்தவற்றுள் அரிது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அச்சுத் தாள்களில் நிறச்சாயை காட்டுதற்குப் புள்ளிகளை நெருக்கமாகப் பதிக்கும் முறை 1879-இல் பெஞ்சமின் டே என்பவரால் உருவாக்கப்பட்டது. மலிவான படக்கதைத் தாளில் முகத்தின் நிறம் என்று நாம் காண்பது செம்புள்ளிகளின் கூட்டமே. இப்புள்ளிகளை லிக்டன்ஸ்டைன் தம் ஓவியங்களில் கையாலேயே இட்டார். தொடக்கத்தில் நாய்க்கு மயிர் வாரும் பிளாஸ்டிக் தூரிகையை வண்ணத்தில் தோய்த்து ஒற்றினார் என்பர்; பின்னர்த் துளையிட்ட தகட்டைப் பயன்படுத்தினார். இயந்திரம் நொடியில் செய்வதை மனிதன் பல நாள் குந்தியிருந்து செய்வதே ஒரு வேடிக்கைதான். ஆயினும் அவ்வுழைப்பால் ஒரு பயன் விளைந்தது. விரைந்து புரட்டி எறியும் தாளில் நாம் ஒருநாளும் உற்று நோக்காத புள்ளிகள், நான்கடிப் பரப்பில் முகமாகவும் புள்ளியாகவும் மாறி மாறித் தோன்றி, கண்ணை நிறுத்தி வைக்கின்றன.

இனி ஏலத்துக்கு வருவோம். ஊரில் கோயில் தோப்புக் குத்தகையோ, மீன்பாடோ ஏலம் விடும்போது, 'ஒருதரம், இரண்டுதரம்' என்று கூவி, 'மூன்றுதரம்' என்பதற்குள் ஒரு மூச்சு நிறுத்துவார்கள். அந்த மூச்சிலேதான் விலை ஏறும். நியூயார்க்கிலும் நிகழ்வது இதுவே. இங்கே தேங்காயும் அங்கே ஓவியமும் என்பதே வேறுபாடு. தேங்காய்க்கு ஒரு பயன்விலை உண்டு. ஓவியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை; இருவர் விடாப்பிடியாக விரும்பினால் வானமே எல்லை. இதே ஓவியம் 1988-இல் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 21 இலட்சம் டாலருக்குப் போயிற்று. 23 ஆண்டுகளில் இருபது மடங்கு. துணியில் ஒரு புள்ளியும் கூடவில்லை. 2011-இல் பெற்ற தொகை இவ்வோவியரின் படைப்புகளுள் அந்நாள்வரை ஏலத்தில் கண்ட உச்சம். 2015-இல் அவருடைய 'செவிலி' 9 கோடியே 54 இலட்சம் டாலருக்குப் போய் அதனையும் பின்தள்ளியது. ஏலக்கூடத்தில் ஆட்கள் நிறைந்திருக்க, அவர்கள் போட்டியிடும் பொருள் மட்டும் 'ஒருவருமே இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கும். லிக்டன்ஸ்டைன் திட்டமிடாத நகை அது.

ஆனால், அறையில் உண்மையாகவே காணப்படாத ஒருவர் இருந்தார். அவர் பெயர் வில்லியம் ஓவர்கார்டு. அமெரிக்க நாளிதழ்களில் பல்லாண்டு தொடர்ந்து வந்த 'ஸ்டீவ் ரோப்பர்' என்னும் படக்கதையை வரைந்தவர். அக்கதையின் 1961 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் கடைசிக் கட்டமாக அமைந்தது, துளை வழியே பார்க்கும் இந்த மனிதனே. 1963-இல் இவ்வோவியம் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, ஓவர்கார்டு 'டைம்' இதழுக்குக் கடிதம் எழுதி, தம் கட்டத்துக்கும் இவ்வோவியத்துக்கும் உள்ள நெருக்கத்தைச் சுட்டினார். அக்கடிதத்தில் சீற்றமில்லை, பெருமையாகக் கொள்வதா வேண்டாவா என்று தெரியாத ஒருவரின் புன்னகையே இருந்தது. அப்புன்னகை நம்மைச் சீற்றத்தைவிட மிகுதியாக வருத்துகிறது.

தமிழ் மரபில் இதற்கு ஒரு தெளிவான அளவுகோல் உண்டு. நூலை முதல், வழி, சார்பு என மூவகையாக்கியது நன்னூல். முன்னோர் நூலின் முடிபைத் தழுவியும், தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்தும் செய்வது வழிநூல். அது இழிவான நூல் என்று எவரும் கருதவில்லை. ஆனால் அந்நூலுக்கு எழுதும் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்லியாக வேண்டும். ஆக்கியோன் பெயருக்கு அடுத்துச் சொல்ல வேண்டுவது 'வழி'. எவர் நூலின் வழியே இது வந்தது என்பதை மறைக்கலாகாது. கம்பர் செய்தது வான்மீகத்தின் வழிநூல். மூலத்தினும் அவர் பெரிதாக்கிய இடங்கள் எத்தனை, மாற்றிய இடங்கள் எத்தனை! ஆயினும் வடமொழியில் இக்கதையைச் செய்தோருள் முந்தியவரையே தாம் பின்பற்றியதாகத் தம் பாயிரத்தில் சொல்லிவிட்டே தொடங்குகிறார். சொன்னதனால் கம்பருக்கு என்ன குறைந்தது?

ஏலப் பட்டியலும் ஒருவகைப் பாயிரந்தான். அதில் ஆக்கியோன் பெயர் உண்டு, படைப்பின் பெயர் உண்டு, அளவு உண்டு, பொருள் உண்டு. 'வழி' என்பதற்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அங்கே வழி என்பது கைமாறிய வழி. ஓவியம் எந்தச் செல்வர் வீட்டிலிருந்து எந்தச் செல்வர் வீட்டுக்குச் சென்றது என்ற உடைமை வரலாறே அங்கே மதிப்பு. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு அந்த உருவம் சென்றது என்பதை எழுதுவதற்கென்று தனி வரி கிடையாது. வாங்கியவர்களின் வரிசையை வழுவாமல் காக்கும் அவ்வணிகம், வரைந்தவர்களின் வரிசையைக் காப்பதைத் தன் கடமையாகக் கொள்ளவில்லை.

லிக்டன்ஸ்டைன் வெறும் படியெடுப்பாளர் என்று நாம் சொல்ல வரவில்லை. படக்கதையின் கடைசிக் கட்டம் என்பது வாசகனை அடுத்த பகுதிவரை காத்திருக்கச் செய்யும் தூண்டில். அங்கே 'ஒருவருமே இல்லை' என்பது கதையின் ஒரு திருப்பம். அறைக்குள் என்ன நேர்ந்தது என்பதே வினா. அதனைக் கதையிலிருந்து பறித்துச் சுவரில் மாட்டியவுடன் கதை அற்றுப்போய், அறை நம் அறையாகிவிட்டது. இந்த மாற்றத்தைக் கண்டவர் லிக்டன்ஸ்டைன்தாம். ஓவர்கார்டு அதனைத் தேடவுமில்லை. நாற்பது ஓவியர்கள் அதே ஞாயிறன்று அதே தாளைப் புரட்டியிருக்கலாம். ஒருவருக்கே அது தோன்றிற்று. ஆகவே இது நல்ல வழிநூல் என்பதே நம் துணிபு. வழியைச் சொல்லாத நல்ல வழிநூல்.

பிற மாநிலங்களில் குடியேறிய நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் ஒரு பழைய பெட்டியிருக்கும். வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து, வாரந்தவறாமல் சேர்த்து, தைத்து அட்டையிட்ட தொகுதிகள் அதில் இருக்கும். அட்டையில் கதையின் பெயரும் கதாசிரியர் பெயரும் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். மணியமும் கோபுலுவும் வரைந்த படங்கள் உள்ளே இருக்கும்; அவர்கள் பெயரோ படத்தின் ஓரத்தில் அவர்களே இட்ட சிறு கையொப்பமாக மட்டும் நிற்கும். தையலில் ஓரம் மடங்கிப்போன பக்கங்களில் அதுவும் தெரியாது. நாமும் பாயிரம் எழுதினோம். ஒரு பெயரை விட்டுவிட்டோம்.

சட்டம் இதில் எவ்வளவு உதவும்? படைப்பு மறுவிற்பனையாகும்போது படைத்தவருக்கும் பங்கு தர வேண்டும் என்று பிரான்சு 1920-இலேயே சட்டம் செய்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம், 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியங்களில் ஓவியருக்கோ அவர்தம் வாரிசுகளுக்கோ 10 விழுக்காட்டுக்கு மேற்படாத ஒரு பங்கினை உரிமையாக்கியது. அமெரிக்க நாடு முழுமைக்குமான அத்தகைய சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் அது லிக்டன்ஸ்டைன் குடும்பத்தையே சேரும், ஓவர்கார்டைச் சேராது. கூலிக்கு வரைந்தவரின் முதல் உரிமையே பெரும்பாலும் நிறுவனத்திடம் போய்விடுவதால், மறுவிற்பனையில் அவருக்குக் கணக்கே இல்லை.

இந்தியாவில் இவ்வழியில் நடந்தவர் என்று பூபேன் கக்கரைச் சொல்வர். 1934-இல் மும்பையில் பிறந்து, கணக்காயர் தொழிலுக்குப் பயின்று, 1962-இல் பரோடா சென்று ஓவியரானவர். கடைத்தெருவில் விற்கும் சாமி படங்களை வெட்டி ஒட்டித் தம் தொடக்கக்காலப் படைப்புகளை அமைத்தார். அந்தச் சாமி படங்களை வரைந்தோர் பெயரும் எங்கும் வரவில்லை. ஆயினும் கக்கர் அங்கே நின்றுவிடவில்லை. தையற்காரர், நாவிதர், கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்று, எந்த அறையிலும் எவரும் கண்டுகொள்ளாத மனிதரைத் தம் ஓவியத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். அவற்றுள் ஒன்றான 'டீலக்ஸ் டெய்லர்ஸ்' 1972-இல் வரையப்பட்டது. 2017-இல் இலண்டன் ஏலத்தில் 11 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோனது. 2003-இலேயே மறைந்துவிட்ட கக்கர் அதனைக் காணவில்லை.

2011-இல் நியூயார்க்கில் மூன்றாம்தரம் சுத்தியல் விழுந்தபோது, லிக்டன்ஸ்டைன் மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓவர்கார்டு மறைந்து 21 ஆண்டுகள்.