கோச்சுக்கு டிக்கெட், கேப்டனுக்கு மாலை

ஆவடியில் குடியிருந்துகொண்டு எழும்பூரில் ஹாக்கி பார்ப்பது கொஞ்சம் வேண்டுதல் மாதிரி. மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வரை நின்றுகொண்டே வந்து, வெளியில் ஆட்டோக்காரரோடு பேரம் பேசித் தோற்று, மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்குள் போய் உட்காரும்போது பாதி சக்தி போயிருக்கும். 2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை ராத்திரி அப்படித்தான் போனேன். ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியாவும் மலேசியாவும். நீங்களும் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், இல்லாவிட்டால் டி.வி-யில் பார்த்திருப்பீர்கள்.

இடைவேளையில் மலேசியா 3, இந்தியா 1. ஸ்டேடியம் துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து சீட்டில் எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர். பேச்சுக் கொடுத்ததில் அவரும் ஆவடிதான், எங்கள் லைனிலேயே ஒரு அரசு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு அதன் அணிக்கு லெஃப்ட் ஹாஃப் ஆடினவர் என்று தெரிந்தது. வேர்க்கடலையை உரித்தபடி சாவகாசமாகச் சொன்னார்:

"இப்போ என்ன ஆகும் தெரியுமா சார்? தோத்தா கோச்சை மாத்துவானுங்க. ஆடினவன் அப்படியே இருப்பான்."

ஆட்டத்தில் அவர் ஜோசியம் பலிக்கவில்லை. 45-வது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் ஒன்று, அதே நிமிடத்தில் குர்ஜந்த் இன்னொன்று, 56-ல் ஆகாஷ்தீப். 4-3. கோப்பை நமக்கு. ஆனால், அவர் சொன்ன வாக்கியம் மட்டும் என்னோடு ஆவடி வரைக்கும் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், மனுஷர் ஜோசியம் சொல்லவில்லை, சரித்திரம் சொல்லியிருக்கிறார்.

அந்த ராத்திரிக்கு ஏழு மாதம் முன்னால், 2023 ஜனவரி 22, புவனேஸ்வர். உலகக் கோப்பையில் நியூசிலாந்தோடு ஆட்டம். 3-1 என்று முன்னிலையில் இருந்து, 3-3 ஆக விட்டு, ஷூட் அவுட்டில் தோற்றோம். சொந்த மண்ணில் கால் இறுதிக்குக்கூடப் போக முடியவில்லை. எட்டே நாளில் பயிற்சியாளர் கிரஹாம் ரீட் ராஜினாமா. இதே ரீட் இருந்தபோதுதான் 2021-ல் டோக்கியோவில் வெண்கலம் கிடைத்தது. நம்ம சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980-ல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய பிறகு, 41 வருடம் கழித்து வந்த ஒலிம்பிக் பதக்கம். அதெல்லாம் அந்த வாரம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

2009-லிருந்து எண்ணிப் பாருங்கள். பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைனே, ஹரேந்திர சிங், ரீட். தற்காலிகமாக உட்கார்ந்து எழுந்தவர்களை விட்டுவிட்டாலே எட்டுப் பேர். வாடகை வீட்டில்கூட இதைவிட நிம்மதியாக இருக்கலாம். இதில் வான் ஆஸ், 2015-ல் வந்த சில மாதத்திலேயே சம்மேளனத் தலைவரோடு மைதானத்தில் நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு போனவர்.

கேப்டன்களும் மாறினார்களே என்பீர்கள். மாறினார்கள். மன்பிரீத்திடமிருந்து ஹர்மன்பிரீத்துக்கு வந்தது. மன்பிரீத் தொடர்ந்து ஆடினார். தொப்பி மாறும், தலை மாறாது.

இதில் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமான கதை மரைனேயுடையது. டச்சுக்காரர். 2017 செப்டம்பரில் ஆண்கள் அணிக்கு வந்தார். 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டி. அந்த அணியில் சர்தார் சிங் பெயர் இல்லை. சர்தார் என்றால் சாதாரண ஆளா? பல வருடம் கேப்டன், நடுக்களத்தில் அவரைத் தாண்டித்தான் பந்து போகும் என்று ஒரு காலம் இருந்தது. அவரை விட்டுவிட்டுப் போன அணி நான்காவது இடம். பதக்கம் இல்லை. மே மாதம் பிறந்ததும் மரைனேயைப் பெண்கள் அணிக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்த ஹரேந்திராவை ஆண்கள் அணிக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த பெரிய போட்டியில் சர்தார் திரும்ப வந்தார். அதில் வெள்ளி, ஆசியப் போட்டியில் வெண்கலம். அந்த செப்டம்பரிலேயே ஓய்வும் அறிவித்துவிட்டார். உலகக் கோப்பை கால் இறுதியில் தோற்ற கையோடு, 2019 ஜனவரியில் ஹரேந்திராவும் வீட்டுக்கு.

ஒன்றினால்தான் இன்னொன்று நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால், அடுத்து வரும் கோச் இந்தக் கதையைப் படித்துவிட்டு என்ன முடிவுக்கு வருவார் என்று நீங்களே சொல்லுங்கள். (பெண்கள் அணிக்குத் தள்ளப்பட்ட மரைனே, அவர்களை டோக்கியோவில் நான்காவது இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அது தனிக் கட்டுரை.)

நட்சத்திரங்களுக்கு எப்போதும் ராஜ மரியாதைதான் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிவந்த தன்ராஜ் பிள்ளையும், ஷூட் அவுட்டில் கோல் காத்த ஆஷிஷ் பல்லாலும், இன்னும் சில முக்கிய ஆட்டக்காரர்களும் அடுத்த தொடருக்கு இல்லை. 'ஓய்வு கொடுத்தோம்' என்றது அன்றைய இந்திய ஹாக்கி சம்மேளனம். அவர்கள் செய்த தப்பு, சரியாக ஆடாதது இல்லை. பணத்தைப் பற்றியும் நடத்தும் விதத்தைப் பற்றியும் வாயைத் திறந்தது. கோச் கௌசிக்குக்கும் அதே கதி. ஆக, மோசமாக ஆடுகிறவரைக் கேட்க ஆளில்லை. கேள்வி கேட்டால் மட்டும் கணக்கு தீர்க்க ஆள் இருந்தது.

வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. பதக்கம் வாங்கினவர்களுக்கு டி.எஸ்.பி. பதவி கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று ஒரு புலம்பல் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் ஊரில் ஹாக்கி உயிரோடு இருந்ததே ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, போலீஸ் என்று யாராவது வேலை போட்டுக் கொடுத்ததால்தான். சோறு நிச்சயமில்லாதவன் ஸ்டிக்கைப் பிடிக்க மாட்டான்.

பெரியவரிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "வேலை குடுத்தாங்க, உண்மைதான். காலைல கையெழுத்து போட்டுட்டு, மத்தியானம் கிரவுண்டுக்குப் போகலாம்னு பர்மிஷன். மூணு மேட்ச் சொதப்புனா பர்மிஷன் கட். சாயங்காலம் வரைக்கும் ஃபைலைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். ஜன்னல் வழியா பசங்க சைக்கிள்ல ஸ்டிக்கை மாட்டிக்கிட்டுப் போறது தெரியும். அதுக்கு மேல என்ன சார் தண்டனை வேணும்?"

வேலை போகவில்லை, சம்பளம் போகவில்லை, மானமும் பெரிசாகப் போகவில்லை. ஆனால் உறைத்திருக்கிறது.

ஹாக்கியில் இது சுலபமும்கூட. கிரிக்கெட்டில் ஒருவரை உட்காரவைத்தால் ஐந்து நாள் உட்கார வேண்டும்; மறுநாள் பேப்பரில் தலைப்புச் செய்தி. ஹாக்கியில் முப்பது வருடத்துக்கு மேலாக எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே போனவர் திரும்பவும் வரலாம். நட்சத்திரத்தை மூன்று நிமிடம் பெஞ்சில் வைத்தால் அது அவமானமே இல்லை, விதிப்படி நடப்பது. அம்பயர்கூடப் பச்சை அட்டை காட்டி இரண்டு நிமிடம் யோசிக்க அனுப்புகிறார். 2024 பாரிஸ் கால் இறுதியில் அமித் ரோஹிதாஸ் 17-வது நிமிடமே சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட, மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேராக நின்று, பிரிட்டனை ஷூட் அவுட்டில் ஜெயித்தோம். அவர் இல்லாத அரை இறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றதும் உண்மைதான். ஆனால், ஒருவர் இல்லாவிட்டால் வானம் இடிந்துவிடாது என்று அந்த அணிக்கே தெரிந்தது.

அப்படியானால் ஹர்மன்பிரீத்தை 2023-லேயே எடுத்திருக்க வேண்டுமா? கூடாது. எடுத்திருந்தால் பாரிஸில் அவர் அடித்த 10 கோலும் வெண்கலமும் இல்லை. என் வருத்தம் வேறு. புவனேஸ்வரில் என்ன தப்பு நடந்தது, அதில் யார் பங்கு எவ்வளவு என்று ஆடியவர்கள் வாயிலிருந்து நாம் கேட்கவே இல்லை. ரீட் தன் பெட்டியைக் கட்டியதும் விசாரணை முடிந்துவிட்டது. 2025 ஜூனில் ஐரோப்பாவில் புரோ லீகில் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றபோது கோச் ஃபுல்டனை நல்லவேளையாக அனுப்பவில்லை. செப்டம்பரில் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பை வந்தது. ஏழு தோல்விக்கான பதில் அந்தக் கோப்பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

லீக் ஆட்டங்களில் இன்னும் வேடிக்கை. மறுபிறவி எடுத்த ஹாக்கி இந்தியா லீகில் ஹர்மன்பிரீத்தை 78 லட்சத்துக்கு ஏலம் எடுத்தார்கள். 'தமிழ்நாடு டிராகன்ஸ்' என்று நமக்கும் ஓர் அணி. முதல் வருடம் ஆட்டமெல்லாம் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும். தமிழ்நாட்டு அணி தமிழ்நாட்டில் ஒரு ஆட்டம் ஆடவில்லை. 2005-ல் சென்னை வீரன்ஸும் முதல் வருடத்தை ஹைதராபாத்தில்தான் ஆடியது. சொந்த ஊரில் ஆடாதவனை எந்த ஊர்க்காரன் 'என்னப்பா இது?' என்று கேட்பது?

அன்றைக்கு ராத்திரி திரும்பும்போது ஆவடி லோக்கலில் ஒரே கொண்டாட்டம். கொடி, விசில், செல்போனில் ஆகாஷ்தீப் கோல் திரும்பத் திரும்ப. வில்லிவாக்கம் தாண்டியதும் பெரியவர் எதிர் சீட்டுப் பையன்களிடம் கேட்டார்: "அந்த மலேசியாக்காரன் மூணாவது கோல் போட்டானே... நம்ம ஆளு யார்ப்பா அவனை விட்டது?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் செல்போனில் தேடினான். கொரட்டூர், அம்பத்தூர் எல்லாம் போனது. ஜெயித்த கோல்தான் கிடைத்தது.