மாப்பிள்ளை மோதிரத்தின் அடிப்பக்கம்

மோதிரம் எடுக்கப் போகிற எல்லோரும் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். ஓம், பிள்ளையார் முகம், பெயரின் முதலெழுத்து, ஒற்றைக் கல் என்று முகப்பில் எத்தனையோ வேலைப்பாடு. மோதிரத்தைத் திருப்பிப் பிடித்து, உள்ளங்கைப் பக்கம் வருகிற அரைவட்டத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறவர்கள் அபூர்வம். அந்த மோதிரம் மகன் கைக்குப் போகுமா, பத்து வருடத்தில் பழைய நகையோடு உருக்கப் போய்விடுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த அரைவட்டம்தான்.

முகூர்த்த நாளில் திருத்தணி மலைக்குப் போனால் மாலையும் கழுத்துமாகப் புதுமணத் தம்பதிகளை அடுத்தடுத்துப் பார்க்கலாம். முருகன் வள்ளியை மணந்து அமர்ந்த மலை என்பதால் இங்கே தாலி கட்டிக்கொள்வதில் இந்தச் சுற்று வட்டாரத்துக்குத் தனி ஆசை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் இது. எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர சம்பந்தங்கள் மாறவில்லை. நகரி, புத்தூர்ப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் துழாவச் சொல்லும் விளையாட்டு இரண்டு மொழிக்காரர் கல்யாணத்திலும் உண்டு. பெண்ணுக்குக் கழுத்தும் காதும் கையும் நிறைய நகை. மாப்பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றுதான், பெண்வீட்டார் போடும் மோதிரம். சங்கிலி போட்டாலும் அது சட்டைக்குள் போய்விடும். மோதிரம் மட்டும் அவனோடு வேலைக்குப் போகும்.

என்ன வேலை என்பதைக் கேட்டுவிட்டுத்தான் உலோகத்தைப் பற்றிப் பேச வேண்டும். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறி. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற கைகள் ஒரு பக்கம். காலை ரயிலைப் பிடித்து அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போகிற கைகள் இன்னொரு பக்கம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது இருசக்கர வண்டி. நம் ஆண்கள் மோதிரம் போடுவது பெரும்பாலும் வலது கை மோதிர விரலில். வண்டியின் முறுக்கியும் வலது கையில். தினமும் அந்தக் கைப்பிடியை இறுக்கித் திருகும்போது மோதிரத்தின் அடிப்பக்கம் ரப்பரோடும் அதில் ஒட்டிய புழுதியோடும் உராய்கிறது. மண் துகள் தங்கத்தைவிட எவ்வளவோ கடினம். இருபது வருடம் போட்ட மோதிரத்தைக் கழற்றிப் பாருங்கள். மேலே அரைத் துவரை கனம் இருக்கும், கீழே காகிதமாய்த் தேய்ந்திருக்கும்.

சாப்பிடுவதும் அதே கை. புளிக்குழம்பும் ரசமும் தயிரும் தினமும் மோதிரத்தைக் கழுவிவிட்டுப் போகின்றன. தங்கத்தை இவை ஒன்றும் செய்யாது. ஆனால் பின்பக்கம் அடைத்துக் கல் பதித்த மோதிரத்தின் இடுக்கில் சோறும் எண்ணெயும் சேரும், கல் மங்கும், பிடி தளரும். கையால் பிசைந்து உண்ணும் ஆணுக்குக் கல் இல்லாத, உள்பக்கம் வழவழப்பான வளையமே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. கல் ஆசை இருந்தால் இன்னொரு மோதிரம் செய்து, விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இப்போது தங்கம். 22 காரட்டில் 91.6 சதவீதம் பொன், மீதி வெள்ளியும் செம்பும். செம்பு கூடினால் சிவந்த மஞ்சள், வெள்ளி கூடினால் வெளிறிய மஞ்சள். இது மென்மையான உலோகம், கீறல் விழும், நசுங்கும். அதனாலேயே பலர் இதை ஆணுக்கு உதவாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குறை உலோகத்தில் பாதி என்றால், பவுனைப் பரப்பிய விதத்தில் மீதிப் பாதி இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு பவுன் என்பது 8 கிராம். சராசரி ஆண் விரலுக்கு, 4 மில்லிமீட்டர் அகலத்தில் எந்த அலங்காரமும் இல்லாத வளையம் செய்தால், ஒரு பவுனுக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 1.75 மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். அரைப் பவுனில் 3 மில்லிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் வரும். இரண்டுமே நன்றாக உழைக்கும். அதே அரைப் பவுனை முகப்பில் அகலத் தகடாக விரித்து, கீழே கம்பியாக இழுத்தால் பார்வைக்கு ஒரு பவுன் மோதிரம் போல இருக்கும். கீழே அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. தேய்வது கீழே, தங்கம் இருப்பது மேலே. சம்பந்தி வீட்டார் பார்வைக்காகச் செய்யும் இந்த ஏற்பாட்டில் நஷ்டப்படுகிறவர் போட்டுக்கொள்கிற மாப்பிள்ளை.

செய்முறையிலும் பெரிய வித்தியாசம் உண்டு. பத்தர் ஒருவர் தட்டி மோதிரம் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு பாக்கியம். மூசையில் உருக்கிய பொன்னை அச்சில் ஊற்றுவார், அது விரல் நீளக் கட்டியாக வரும். அதைப் பட்டடையில் வைத்துத் தட்டி நீட்டுவார். தட்டத் தட்டப் பொன் விறைக்கும், ஓசையே மாறும். இனி தட்டினால் வெடிக்கும் என்ற இடத்தை அவர் காது சொல்லிவிடும். உடனே நெருப்பில் காட்டி இளக்கி, மறுபடி தட்டுவார். வளைத்து, இரண்டு முனையையும் அரத்தால் ராவி, வெளிச்சம் புகாதபடி பொருத்தி, வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுவார். பொடி உருகி மினுங்கலாய் ஓடி மூட்டுக்குள் மறைகிற அந்த நொடியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். மோதிரத்தைக் கூம்புக் கட்டையில் மாட்டி, சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்னதாகத் தட்டுவார். பற்றவைத்த சூட்டில் இளகிய பொன் இந்தக் கடைசித் தட்டலில்தான் மறுபடி இறுகுகிறது. இளக்கிய 22 காரட்டுக்கும் தட்டி இறுக்கிய 22 காரட்டுக்கும் கடினத்தில் இரண்டு மடங்கு வரை வித்தியாசம் வரும். மெழுகு வார்ப்பில் கொத்துக் கொத்தாக ஊற்றி எடுக்கும் மோதிரத்தில் இந்த இறுக்கம் இருப்பதில்லை. ஆண் மோதிரத்துக்கு நான் தட்டிய வேலையைத்தான் சொல்வேன். முகப்பில் சித்திரம் குறைவாகத்தான் வரும், வரட்டும்.

பொன்னைத் துரு தொடாது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த பழங்கால முத்திரை மோதிரங்களில் தமிழ்-பிராமிப் பெயர்கள் இன்றும் படிக்கும்படி இருக்கின்றன. மாற்றுப் பார்க்கும் கலையும் அதே அளவு பழையது. தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் க்ளோங் தோம் என்ற இடத்தில் கிடைத்த ஒரு சின்ன உரைகல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்-பிராமியில் பொறித்திருக்கிறது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுக் காலத்தது. கடல் கடந்து போன நம் பத்தர் ஒருவர் தன் உரைகல்லில் பெயரை எழுதி வைத்திருந்திருக்கிறார் என்பதை நினைத்தாலே மனம் பூரிக்கிறது. இன்று அந்த வேலையை ஹால்மார்க் செய்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறி கட்டாயம். மோதிரத்தில் அதை உள்பக்கம் பொறிப்பார்கள். பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

22 காரட் வேண்டாம், இன்னும் கெட்டியாக வேண்டும் என்பவருக்கு 18 காரட் நல்ல வழி. முக்கால் பங்கு பொன், கடினம் நன்றாகக் கூடும். நிறம் சற்று வெளிறும் என்பதால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தறி ஓட்டுகிறவர், மெக்கானிக், கட்டட வேலை செய்கிறவர் என்றால் நான் 18 காரட்டுக்காகப் பெரியவர்களிடம் பேசத் தயார்.

பிளாட்டினத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. கீறல் விழும்போது பிளாட்டினம் உதிர்வது குறைவு, பெரும்பாலும் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்கும். அதனால் எடை மெல்லத்தான் குறையும். நாளாக நாளாக ஒரு சாம்பல் மினுமினுப்பு வரும், அழகான நிறம். ஆனால் அது உருகுவது 1768 டிகிரியில். தங்கம் 1064லேயே உருகிவிடும். கடைத்தெரு பத்தரின் கரியும் ஊதுகுழலும் பிளாட்டினத்துக்கு எட்டாது. விரல் பருத்துவிட்டால், மூட்டு விட்டால், சென்னைக்குத்தான் எடுத்துப்போக வேண்டும்.

டங்ஸ்டன் கார்பைடு மோதிரத்தைக் கீறல் விழாத அதிசயம் என்று விற்கிறார்கள். அது உண்மைதான். திருச்செங்கோட்டு லாரிகள் ஆழ்துளைக் கிணறு போடும்போது பாறையைக் குடைகிற முனையில் பதித்திருப்பதும் அந்தப் பொருள்தான். பாறையைத் துளைப்பதற்குப் பிறந்தது அது. அடித்தால் வளையாது, உடையும். மலைப்படியின் கருங்கல்லில் விழுந்தால் இரண்டாகப் போகக்கூடும். பெரிதாக்கவும் முடியாது, சிறிதாக்கவும் முடியாது. டைட்டேனியம் இதைவிட நல்லது. எடை தங்கத்தில் கால்வாசிதான், எலும்புக்குள் வைத்துத் தைக்கும் அளவுக்கு உடம்போடு ஒத்துப்போகும். வியர்வையில் தோல் தடிக்கிறவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் அதையும் நம் பத்தர் பற்றவைக்க முடியாது. எஃகு மோதிரமும் அப்படியே. போட்டுக்கொண்டிருக்கும்வரை குறையில்லை, மாற்ற வேண்டிய நாள் வந்தால் வழியில்லை.

மாற்ற வேண்டிய நாள் வராமல் இருக்காது. இருபத்தேழு வயதுக் கல்யாணத்தில் போட்ட மோதிரம் நாற்பதில் கழற்ற வராது. நூலைச் சுற்றி, சோப்புத் தடவி, எண்ணெய் விட்டு, எதற்கும் மசியாமல் கடைசியில் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் வெட்டி எடுத்த கதைகளைச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். அங்கே தங்கம் சட்டென்று வெட்டுப்படும், எஃகு அவ்வளவு எளிதில் விடாது. வீங்கிய விரலுக்கு அந்த நிமிடங்கள் முக்கியம். வெட்டிய தங்கத்தைப் பத்தரிடம் கொடுத்தால் இடையில் ஒரு துண்டு வைத்து மறுபடி வளையமாக்கிவிடுவார். உழைக்கிற உலோகம் எது என்று என்னைக் கேட்டால், இப்படி வெட்டுப்பட்டும் மீண்டு வருகிற உலோகத்தைத்தான் காட்டுவேன். ஓடுகிற இயந்திரத்தின் முன்னால் எந்த மோதிரமும் கூடாது என்பது தனி விஷயம். தறிக்கூடத்துக்குள் நுழையும்போது கழற்றி அரைஞாணில் கோத்துக்கொள்கிற பழக்கம் நல்ல பழக்கம்.

மலையடிவாரத்தில் விற்கும் ஐம்பொன் மோதிரத்தையும் சொல்லாமல் விட முடியாது. வேல் பொறித்த அந்த மோதிரம் எனக்குப் பிடிக்கும். குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் செம்பும் பித்தளையும்தான், அதில் பொன்னைத் தேடக் கூடாது. வியர்வையில் விரல் பச்சையாகும், புளி தேய்த்தால் போகும். போகப் போகப் பள்ளம் கறுத்து மேடு மினுங்கி, வேலின் வடிவம் புதிதில் இல்லாத தெளிவோடு எழுந்து வரும். அந்த அழகு தங்கத்துக்கு வராது. மாப்பிள்ளை மோதிரத்துக்குப் பக்கத்து விரலில் மட்டும் அதைப் போடாதீர்கள். ஐம்பொன் கடினம், பொன் மென்மை. இரண்டும் நாள் முழுக்க உரசினால் தேய்வது பொன். ஆடிக் கிருத்திகைக்கு வந்து வாங்கிய வேல் மோதிரத்தை இடது கையில் போட்டுக்கொள்ளலாம்.

அப்பாவின் மோதிரம் வீட்டில் இருந்து, அதை மகனுக்குப் போட நினைத்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடையில் கொடுத்து எடைக்கு எடை மாற்றிவிடாதீர்கள். பத்தரிடம் கொண்டுபோய், தேய்ந்த அடிப்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதே மாற்றில் புது அரைவட்டம் தட்டிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இரண்டு கிராமோ மூன்று கிராமோ சேரும், கூலியும் அதிகம் ஆகாது. மகனின் விரல் அளவுக்கு வளையத்தையும் அப்போதே சரிசெய்துகொள்ளலாம். முகப்பை மெருகு போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முப்பது வருடத்துக் கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டான அந்த மங்கிய மஞ்சள் எந்தப் பட்டறையிலும் புதிதாகச் செய்ய வராது. மெருகுச் சக்கரம் ஒரு நிமிடத்தில் அதை அழித்துவிடும், கூடவே கொஞ்சம் தங்கத்தையும்.