பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

அமெரிக்க அரசு முடங்கும்போதெல்லாம் அங்குள்ள செய்திச் சேனல்களில் ஒரே கேள்விதான்: "யார் காரணம்?" உடனே ஒரு கருத்துக்கணிப்பு. இத்தனை சதவீதம் பேர் இந்தக் கட்சியைக் குறை சொல்றாங்க, இத்தனை பேர் அந்தக் கட்சியை. கேள்வி தப்பில்லை. பாதிக் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை.

முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம். 2018 டிசம்பர் 11 அன்று வெள்ளை மாளிகையில், கேமராக்களுக்கு முன்னாலேயே, எல்லைப் பாதுகாப்புக்காக அரசை மூடுவதில் தனக்குப் பெருமைதான், பழியை உங்கள் மேல் போட மாட்டேன் என்று செனட்டர் ஷூமரிடம் டிரம்ப் சொன்னார். டிசம்பர் 19-இல் எல்லைச் சுவருக்குப் பணம் ஒதுக்காத ஒரு தற்காலிக நிதி மசோதாவை செனட் நிறைவேற்றியது. அவர் ஏற்கவில்லை, கேட்டது 570 கோடி டாலர். 22-ஆம் தேதி முடக்கம் தொடங்கியது. அப்போது இரண்டு அவைகளுமே அவர் கட்சியிடம்தான் இருந்தன. ஆனாலும் பழி ஜனநாயகக் கட்சி மேல் போனது. 35 நாள் கழிச்சு அவர் கையெழுத்துப் போட்டது எதில்? சுவருக்குப் பணம் ஒதுக்காத இன்னொரு தற்காலிக மசோதாவில்! இதைப் போய் "இரு தரப்பும்தான் காரணம்" என்று எழுதினால் அது நடுநிலை இல்லை, சோம்பேறித்தனம்.

என் அளவுகோல் எளிது. ஏறக்குறைய பழைய அளவிலேயே நிதி தொடரட்டும் என்ற மசோதா முன்னால் இருக்கும்போது, "இதைக் கொடுத்தால்தான்" என்று நின்றது யார்? 2013-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்து 16 நாள் நின்றது குடியரசுக் கட்சி. இதே அளவுகோலை 2018 ஜனவரியின் 3 நாள் முடக்கத்திலும், 2025-இல் காப்பீட்டு மானியத்துக்காக நடந்த 43 நாள் முடக்கத்திலும் வைத்தால், விரல் ஜனநாயகக் கட்சியைக் காட்டும். அந்த மானியக் கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனா நமக்குப் பிடிச்ச கோரிக்கைங்கறதுக்காக அளவுகோலை மாத்தக் கூடாது.

இனி யாரும் கேட்காத மறுபாதி. எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் "யார் அந்த பட்டனை அழுத்தினது?" என்பது முதல் கேள்வி. "ஒருத்தர் அழுத்தினா மொத்தமும் விழற மாதிரி ஒரு பட்டனை ஏன் வச்சோம்?" என்பது இரண்டாவது. இரண்டாவதைக் கேட்காவிட்டால் அடுத்த மாதமும் விழும்.

அந்த பட்டன் ஒன்றும் அரசியல் சாசனத்தில் இல்லை. 1976-க்கும் 1979-க்கும் இடையில் ஆறு முறை நிதி ஒதுக்கீடு காலாவதியானது. அப்போதும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1980-இல் கார்ட்டர் அரசின் அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி, 19-ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றைக் கறாராகப் படித்து, ஒதுக்கீடு இல்லை என்றால் வேலையும் இல்லை என்றார். அடுத்த ஆண்டு, உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகளுக்கு விலக்கு உண்டு என்று விளக்கினார். முடக்கம் ஓர் ஆயுதமானது இதற்குப் பிறகுதான்.

பட்ஜெட் தாமதமானால் பழைய ஒதுக்கீடு தானாகத் தொடரும் என்று ஒரே ஒரு சட்டம் போட்டால் போதும். அப்படிப்பட்ட மசோதாக்கள் பல முறை வந்தன; ஒன்றும் தேறவில்லை. கெடு இல்லைன்னா பேரம் முடியாது என்பது எதிர்வாதம். சரி, கெடு இருந்து என்ன கிழிச்சாங்க? 1977 நிதியாண்டு முதல் எல்லா ஒதுக்கீட்டு மசோதாக்களும் நேரத்துக்கு முடிந்தது நான்கே முறைதான். இரு கட்சிக்கும் இந்த ஆயுதம் வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2018-19 முடக்கத்தில் சுமார் 8 லட்சம் ஊழியர்கள் இரண்டு சம்பளத் தேதிகளை வெறுங்கையோடு கடந்தார்கள். அவர்களுக்காவது பாக்கி பின்னால் வந்தது. அதே கட்டடங்களைப் பெருக்கிய, காவல் காத்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அரசு அந்த நாட்களுக்கு ஈடு எதுவும் தரவில்லை. "யார் காரணம்?" என்ற கருத்துக்கணிப்பில் அவர்கள் பெயர் வராது. ஆனால் அபராதம் கட்டியது அவர்கள்தான்.