ரோசிக்கு நடிக்கத் தெரியும்

பி.கே. ரோசியைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்க பக்கம் இரண்டு விதமான பதில் வருது. ஒன்று, ‘ஐயோ பாவம்.’ இன்னொன்று, சுவாமிமலையில் தோழர்கள் கூடியிருந்தபோது நாலெழுத்துப் படித்த ஒருவர் கேட்டது: “அந்தப் படமே இப்ப இல்ல. புல்லு அறுத்துக்கிட்டிருந்த பொண்ணைக் கூட்டியாந்து நிக்க வச்சாங்க. இதுல நடிப்பு எங்கேருந்து வந்துச்சு?” முதல் பதிலுக்கு இந்தக் கேள்வி எவ்வளவோ மேல். இதுக்குப் பதில் சொல்லலாம். பரிதாபத்துக்கு என்ன பதில் சொல்வது?

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மலையாளத்தின் முதல் படம் ‘விகதகுமாரன்’. பேசாப் படம். எடுத்தவர் ஜே.சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்துக்காரர். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் 1928இல் திரையிட்டதாகச் சொல்கிறார்கள், 1930 என்போரும் உண்டு. புலையர் சாதியில் பிறந்த ரோசி அதில் சரோஜினி என்கிற நாயர் பெண்ணாக நடித்தார். கதாநாயகன் அவர் தலைப்பூவை முத்தமிடும் காட்சியில் கல் பறந்தது, திரை கிழிந்தது என்கிறார்கள். பிறகு அவர் குடிசைக்கும் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பியவர் நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் கடைசிவரை வாழ்ந்தார். நடிகை என்று சொல்லிக்கொள்ளாமலே.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ரோசி புல் அறுத்தவர்தான். ஆனால் டேனியல் கூப்பிடும் முன்பே காக்காரிசி நாடகத்தில் ஆடியவர். தமிழும் மலையாளமும் கலந்து பாடி, எதிராளியை மடக்கி, கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற தெற்கத்திக் கூத்து அது. பெண் வேஷத்தையும் ஆம்பளைங்களே கட்டிக்கொண்டிருந்த அந்த ஆட்டத்தில் இறங்கிய முதல் பெண்களில் ஒருவர் என்று இவரைச் சொல்கிறார்கள். ஊர் நடுவில் விடிய விடிய ஆடி நின்றவருக்கு கேமரா முன்னாடி நிற்கத் தெரியாதா?

காவிரிக் கரையோடு மேற்கே போனால் திருவையாறு. டி.பி. ராஜலட்சுமி பிறந்த ஊர். 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி. அவரும் சும்மா மேலே வந்தவர் இல்லை. சின்ன வயசுக் கல்யாணம், நாடகக் கம்பெனி, ஏச்சுப் பேச்சு எல்லாம் பட்டவர். அந்த ‘காளிதாஸ்’ படமும் இன்று இல்லை. ஆனால் அதில் ராஜலட்சுமி நடித்தாரா, சும்மா நின்றாரா என்று யாராவது கேட்டதுண்டா? கேட்கமாட்டார்கள். மேடையில் பெயரெடுத்தவர், நடித்திருப்பார் என்று ஒத்துக்கொள்கிறோம். நியாயம்தான். அதே மரக்காலில் ரோசிக்கும் அளக்க வேண்டியதுதானே? கூத்து மேடை என்றால் மட்டும் மரக்கால் ஏன் சின்னதாகுது?

இன்னொன்றும் உண்டு. நாயர் வீட்டுப் பெண் எப்படி நடப்பாள், எப்படி உட்காருவாள், வேலைக்காரியை எப்படி ஏறிட்டுப் பார்ப்பாள் என்பது புலைச்சிக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்குத் தெரியும்? எட்ட நின்றே பார்த்துப் பழகிய கண்ணு அது. எங்க தெருப் பெண்கள் நடவு வயலில் மிராசுதார் வீட்டம்மாவைச் செஞ்சு காட்டுவாங்க. கொல்லைப்புறத்தில் நிற்கிறவளுக்கு, கை படாமல் உசரத்திலிருந்து தண்ணி ஊத்துற அந்த மணிக்கட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிற தினுசு, அப்படியே இருக்கும். நெல் அளக்கிற களத்திலும் வாசலிலும் நின்னு நின்னு கற்றது. அந்தம்மாவுக்கு நம்மைச் செஞ்சு காட்ட வராது. நம்மை அவங்க உத்துப் பார்த்ததே இல்லை. பேச்சே இல்லாத படத்தில் உடம்பு ஒன்றுதான் பேசணும். ரோசியிடம் அந்தக் கல்வி இருந்தது.

கல்லெறிந்ததற்குக் காரணம் சாதிதான், சந்தேகமில்லை. ஆனால் என் ஊகம் ஒன்று: நாயர் பெண் போலவே இல்லாமல் அசட்டுத்தனமாக நின்றிருந்தால், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

2013இல் கமல் (மலையாள இயக்குநர் கமல்) ‘செல்லுலாய்ட்’ எடுத்தார். டேனியலை ஊரறியச் செய்த படம், அந்த நன்றி உண்டு. அதிலும் ரோசி கூத்தாடிதான். ஆனால் கேமரா முன் வந்ததும் மிரண்டு போகிறார். நல்ல துணியும் நகையும் போட்டதும் தன்னையே நம்பாமல் பார்க்கிறார். கலை டேனியலுடையது, கண்ணீர் ரோசியுடையது என்று பங்கு பிரித்தாகிவிட்டது. இதை அன்போடு செய்கிறார்கள் என்பதுதான் தொல்லை. 1992 முதல் கேரள அரசு டேனியல் பெயரில் விருது கொடுக்கிறது. ரோசி பெயரில் 2019இல் ஒரு திரைப்படச் சங்கம் வந்தது, அதையும் பெண் கலைஞர்களே தொடங்க வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் ஓவியத்தைப் போட்டது. அவருடையது என்று காட்டப்படும் புகைப்படம்கூட அவர்தானா என்பது இன்னும் தீரவில்லை.

கூத்து ஆய்வு செய்கிற நம் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். காக்காரிசி ஆடுகிறவர்களிடம் போய் உட்கார்ந்து, அந்தக் காக்காத்தி வேஷத்துக்கு என்னென்ன அடவு, எங்கே பாட்டு, எங்கே வாய்ச்சண்டை, பாட்டு நின்றபிறகு கை எங்கே இருக்கும் என்று கேட்டு எழுதுங்கள். சரோஜினியாக ரோசி எப்படி நின்றிருப்பார் என்பதற்கு நமக்குக் கிடைக்கிற கிட்டத்துச் சாட்சி அவர்கள் உடம்பில்தான் இருக்கிறது.